உலர்ந்த அரிசியும் அல்லியின் பாகனும்

நலம் பெருகுக. மழை பிழையாது பொழிக. மூன்று துறைமுகமும் முந்நூறு ஊரும் கொண்ட ஆழிநாட்டின் அரியணையில், தெய்வமாகிவிட்ட தம் கொழுநர் வைத்துப்போன செங்கோலைப் பதினோராண்டாகத் தாங்கிவரும் சங்கக்கொடிக் கோப்பெருநங்கை, தேன்வரை ஏழுக்கும் தலைவரும், வேங்கைப்பூக் கொடியுடையவரும், நம்மோடு ஒரு வயிற்றில் பிறந்த இளவலுமாகிய வரையக வேள் திண்ணரையர் திருமுன்பு விடுக்கும் ஓலை. உம் சுனைகள் வற்றாதிருக்க. உம் தினைப்புனத்தில் கிளிகள் அளவோடு உண்டு பறக்க. உம் கோட்டையில் விளக்கேற்றும் கைகளுக்கும், வாள் ஏந்தும் கைகளுக்கும், அவ்விரண்டுக்கும் சோறு வடிக்கும் கைகளுக்கும் நோயொன்றும் அணுகாதிருக்க.

வேள் விடுத்த ஓலை, உப்பு வணிகரின் பொதிமாடுகளோடு இறங்கி வந்து, நிறைமதிக்கு ஒன்பது நாள் இருக்கையில் நம் கைக்குக் கிடைத்தது. நம் தாயார் மணச்சீராகக் கொடுத்தனுப்பிய அல்லி என்னும் பிடியானை, கடல்விழாவன்று நடுவீதியில் நஞ்சுண்டு விழுந்தாள் என்று கேள்விப்பட்டதாகவும், அதைச் செய்த கையை நிறைமதிக்குள் கட்டி எல்லைக்கல்லுக்கு அனுப்பாவிட்டால் இரு நாட்டு உறவும் அறுந்ததாகக் கொள்வதாகவும், அக்கை என்று பார்க்கப்போவதில்லை என்றும் எழுதியிருந்தீர். ஐந்து வயதிலேயே உமக்கு மூக்கின்மேல் கோபம். அது இத்தனை ஆண்டிலும் அங்கேயே குடியிருக்கிறது என்று கண்டு வருந்தினோம். உண்மையைச் சொன்னால், அல்லிக்காக இப்படிக் கோபப்பட நம் பிறந்த வீட்டில் ஓர் ஆள் இருக்கிறாரே என்று கொஞ்சம் மகிழவும் செய்தோம்.

நீர் கேட்டபடியே அனுப்பியிருக்கிறோம். குற்றவாளி உம் எல்லைக்கு நடந்து வந்துகொண்டிருக்கிறான். இவ்வோலை அவனுக்கு முன்னால் வந்து சேரும்படி விரைவு ஆள் வைத்து விடுத்தோம். ஆகவே வேள் இதை நின்றபடி பாதி கேட்டுவிட்டுக் குதிரைமேல் ஏறாமல், உட்கார்ந்து முழுதும் கேட்டருள வேண்டும். இடையில் எழுந்தால் வாசிப்பவர் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டுமென்று அவருக்குத் தனியே ஆணையிட்டிருக்கிறோம்.

இங்கே எங்கள் அரண்மனையில் ஒரு வழக்கம். மாலைதோறும் அல்லிக்குக் கவளம் ஊட்டி முடித்ததும் அவள் பாகன் அரண்மனை வாயிலுக்கு வந்து நின்று, “உண்டாள்” என்று ஒருமுறை குரல் கொடுப்பான். அந்தக் குரல் கேட்ட பிறகே அடுக்களையில் நமக்கு இலை போடுவார்கள். முப்பத்தோராண்டாக அந்தக் குரல் ஒருநாளும் தவறியதில்லை. கடல்விழாவுக்கு முந்தின மாலையும் கேட்டது. மறுநாள் காலையில் அல்லி நெற்றிப்பட்டம் கட்டி, சங்கக்கொடியைச் சுமந்து, முத்துக்கடை வீதி திரும்புகையில் முன்னங்கால் மடிந்து உட்கார்ந்தாள். எழவில்லை. வாயில் நுரை, வயிறு உப்பல், காதுமடலில் சூடு. யானை மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, நஞ்சாயிருக்கலாம் என்றார். அந்த “இருக்கலாம்” முத்துக்கடை வீதியிலேயே விழுந்து போயிற்று. நஞ்சு மட்டும் பொழுது சாய்வதற்குள் ஊரைச் சுற்றி, உம் மலைவரைக்கும் ஏறிவிட்டது. அல்லியை வடம் கட்டி வண்டியில் ஏற்றி இரவோடு கொட்டிலில் சேர்த்தார்கள்.

அல்லி ஒருவன் கையால் அல்லாது வேறு எவர் கையாலும் ஒரு வாய் வாங்கமாட்டாள் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே ஐயம் அந்த ஒருவன்மேல் போய் நின்றது. அவன் பெயர் காடன். நம் மணத்தின்போது அல்லியோடு மலையிறங்கி வந்த அதே காடன்தான். உம்மை முதன்முதலில் அவள் கழுத்தில் ஏற்றி உட்கார்த்தியவன். ஏறியதும் நீர் என்ன செய்தீர் என்பதை, இவ்வோலை அவையில் வாசிக்கப்படும் என்பதால், இங்கே எழுதவில்லை.

வழக்கை வினவுநாயகம் பெருநம்பியிடம் ஒப்புவித்தோம். அவரை உமக்குத் தெரியாது. மெலிந்த ஆள், குரல் உயர்த்தாதவர். சவுக்கையும் விரல் நெரிக்கும் கிட்டியையும் மன்றத்துக்குள் வரவிடாதவர். அடித்தால் வலிக்குத்தான் விடை வரும், கேள்விக்கு வராது என்று சொல்லிச் சொல்லியே நம் கொழுநர் காலத்தில் அவற்றைத் தூக்கி எறிய வைத்தவர். இருபத்து நான்கு ஆண்டாக ஒரே வேலை: எதிரே உட்காரும் ஆளைப் பார்ப்பது. பொய் சொல்ல வருகிறவன் கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்லி நேரம் வாங்குவான், அவன் தொண்டைக்குழி ஏறி இறங்கும், பெருவிரல் மண்ணைக் கீறும், முகம் இங்கிருந்தாலும் பாதம் வாயிலை நோக்கித் திரும்பும் என்று ஒவ்வொன்றாகக் கண்டு வைத்திருந்தார். அவர் எதிரில் உட்கார நேரும் என்ற நினைப்பிலேயே துறைமுகக் கள்ளர்கள் பாதிப்பேர் திருடியதைத் திருப்பி வைத்துவிடுவார்கள். நாமும் அவரைப் பற்றிப் பெருமை பேசித் திரிந்தோம்.

அவரிடம் இருந்த கடைசிக் கருவி அரிசி. அது உம் நாட்டு மன்றங்களிலும் நடப்பதுதான். ஐயத்துக்குரியவன் வாயில் ஒரு பிடி பச்சரிசி இட்டு, நூறு எண்ணும்வரை மெல்லச் சொல்லி, இலையில் துப்பச் சொல்வது. குற்றமில்லாதவன் வாயில் நீர் ஊறி அரிசி நனைந்து வரும், குற்றமுள்ளவன் அச்சத்தில் நாக்கு வறண்டு அரிசி உலர்ந்து உதிரும் என்பது பாட்டன்மார் கண்ட முடிவு. பெருநம்பி அடியை நம்பாதவர். ஆனால் அரிசியை நம்பினார். அது யாரையும் வலிக்கச் செய்யாது என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

விழாவுக்கு மறுநாள் காலை, யானைக்கொட்டிலை அடுத்த மன்றத்தில் காடனை உட்கார வைத்தார். இனி எழுதுவது யாவும் பெருநம்பி தாமே நம்மிடம் சொன்னது. தம் நெஞ்சில் ஓடியதைக்கூட ஒளிக்காமல் சொன்னார். எங்கே பிறந்தாய், எத்தனை ஆண்டு வேலை, கவளத்துக்கு அரிசி எங்கே எடுத்தாய், யார் யார் கொட்டிலுக்குள் வந்தார்கள் என்று கேட்டதற்கெல்லாம் காடன் நேராகவே விடை சொன்னான். உதடு வெடித்திருந்தது, குரல் கரகரத்தது, அவ்வளவே. விழாவுக்கு முந்தின மாலை அல்லி உண்டாளா என்று கேட்டபோதுதான் ஆள் மாறினான். அல்லி உண்டாளா என்று கேட்கிறீர்களா என்றான். தொண்டைக்குழி ஏறி இறங்கிற்று. கீழே பார்த்து, உண்டாள் என்று மென்று விழுங்கினான். வலது பாதம் மெல்லத் திரும்பி வாயிலை நோக்கி நின்றது. பெருநம்பிக்கு இது பொய் என்பதில் எள்ளளவும் ஐயமில்லை. தூண்டிலில் மீன் கடித்ததுபோல் கையில் ஓர் உதறல் தெரிந்ததாம். இருபத்து நான்கு ஆண்டில் அந்த உதறலுக்குத் தாம் அடிமையாகிப் போனதாக நம்மிடம் ஒத்துக்கொண்டார்.

மிருகத்துக்கு நஞ்சு வைக்கப்பட்டது என்று மருத்துவர் சொல்கிறார், அதைப்பற்றி உனக்கு என்ன தெரியும் என்று அடுத்துக் கேட்டார். காடன் தலையை நிமிர்த்தினான். கண் கலங்கிவிட்டது.

“என்ன நஞ்சு ஐயா? பேர் தெரிந்தால் மாற்று கொடுக்கலாமே” என்றான்.

பெருநம்பி அதைக் காதில் வாங்கினார்; கருத்தில் வாங்கவில்லை. அரிசிக்கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னார். காடன் மறுக்காமல் வாயைத் திறந்தான், நூறு எண்ணும்வரை மென்றான், இலையில் துப்பினான். அரிசி நொறுங்கி மாவாய் விழுந்தது. ஒரு பருக்கையில்கூட ஈரம் இல்லை. சுற்றி நின்றவர்களிடமிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பிற்று. அந்த மூச்சிலேயே காடனுக்குத் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. அவனோ இலையைப் பார்த்தான், கொட்டிலுக்குத் திரும்பிப் போகலாமா என்று மட்டும் கேட்டான். குற்றம் செய்தவனின் கள்ளத்தனம் இது என்று எண்ணிக்கொண்டு, காவலோடு போகவிட்டார் பெருநம்பி. மறுநாள் காலை அவையில் நம் முத்திரை விழவேண்டும். விழுந்தால் வலக்கை போகும். அரசப்பிடிக்குத் தீங்கு செய்த கைக்கு இந்நாட்டுச் சட்டம் அதுதான். நாமும் அழுதுகொண்டே முத்திரை இட்டிருப்போம், தம்பி. நம்மைப் பெரிதாக எண்ணிவிடாதீர்.

பெருநம்பி வீட்டுக்குப் போய் உச்சிப்பொழுதுக்கு உண்ண உட்கார்ந்தார். மனைவியார் குழம்பில் உப்புச் சரியா என்று கேட்டதும் காதில் விழவில்லை. நீர்ச்செம்பை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். என்ன நஞ்சு என்று கேட்டானே அந்த மனிதன். வைத்தவனுக்குத் தெரியாதா என்ன நஞ்சு என்று? தெரியாதவன்போல் நடிப்பவன் நஞ்சே இல்லை என்பான், நான் இல்லை என்பான், அவனைக் கேள் இவனைக் கேள் என்பான். மாற்று மருந்தைத் தேடமாட்டான். பிறகு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மன்றத்தின் வாயில் எந்தப் பக்கம்? அதைத் தாண்டினால் என்ன? கொட்டில்தானே. அவன் பாதம் ஓடிப்போகத் திரும்பவில்லை. அவள் இருக்கும் பக்கம் திரும்பியிருக்கிறது.

சோற்றைத் தொடாமலே எழுந்துவிட்டார். கையில் அந்த நீர்ச்செம்பு அப்படியே இருந்தது. அதை வைத்துவிட்டுப் போகவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. வெயிலில் செம்போடு தெருவில் நடந்த வினவுநாயகத்தைப் பார்த்து ஊர் என்ன நினைத்ததோ தெரியவில்லை.

கொட்டிலில் அல்லி விலாப்பக்கமாகக் கிடந்தாள். காடன் அவள் காதடியில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். காவலரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பெருநம்பி செம்பை நீட்டினார். காடன் இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கி, தன் வாய்க்குக் கொண்டுபோகாமல், அல்லியின் வாயோரத்தில் சாய்த்தான். நீர் தரையில் வழிந்தது. அவள் விழுங்கவில்லை. மிச்சத்தை அவன் குடிக்கவுமில்லை. செம்பைப் பத்திரமாகத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். நீ குடி என்றார் பெருநம்பி. அவள் குடிக்கவில்லையே ஐயா என்றான் காடன், அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல.

வேளே, உமக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். நம் மலையில் யானை நீர் குடியாத நாளில் பாகன் நாக்கில் நீர் படக்கூடாது. சட்டமில்லை, தண்டனையில்லை, அப்படித்தான் இருப்பார்கள். கடற்கரையில் பிறந்த பெருநம்பிக்கு இது தெரிய வழியில்லை. ஆனால் அம்மலையில் பிறந்த நமக்குத் தெரியும். முப்பத்தோராண்டில் அது நம் நினைவிலிருந்து கழன்று போயிருக்கிறது. உலர்ந்த அரிசி என்று நம்மிடம் சொன்னபோது, அவன் நீர் குடித்தானா என்று ஒரு வாய்ச்சொல் கேட்க நமக்குத் தோன்றவில்லை. இதை எழுதச் சொல்கையில் ஓலைநாயகம் எழுத்தாணியை நிறுத்தி நம்மைப் பார்த்தார். எழுதும் என்றோம்.

இரண்டு பகலும் இரண்டு இரவும் ஒரு சொட்டு நீர் இறங்காத வாய் அது. அந்த வாயில் பிடி அரிசியை இட்டு ஈரம் தேடியிருக்கிறார் பெருநம்பி. அவர் பட்டுமேலாடையோடு சாணமும் வைக்கோலும் கிடந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வழக்கமாகக் கேள்வி கேட்க உயரமான இருக்கை வைத்துக்கொள்பவர்.

“அல்லியைப் பற்றிச் சொல்லு” என்றார். அவ்வளவுதான்.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதுதான் அந்த நாளில் அவருக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்ததாம். காடன் நடுவில் நிறுத்தினான், இவர் நிரப்பவில்லை. மறுபடி தொடங்கினான், வேறெங்கோ போனான். இவர் இழுத்து வரவில்லை. குட்டியாக அவள் அருவியில் வழுக்கி விழுந்தது, நம் தாயார் அவளுக்குப் பலாச்சுளை ஊட்டியது, மலையிறங்கும்போது கடலைப் பார்த்து மிரண்டு அரைநாள் நகராமல் நின்றது என்று என்னென்னவோ சொன்னான். வெயில் கொட்டிலின் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு நகரும்வரை சொன்னான். பிறகு பேச்சை நிறுத்தி, பெருநம்பியின் கையைப் பிடித்து, அல்லியின் வாய்க்குள் கொண்டுபோனான். நாட்டின் வினவுநாயகத்தின் கையைப் பாகன் தொட்டுப் பிடித்தது அதுவே முதல்முறை. உள்ளே கடைவாய்ப்பல் இருக்கவேண்டிய இடத்தில், தேய்ந்து மழமழத்த அம்மிபோல் ஒரு பரப்புத்தான் விரலில் பட்டது.

“உண்டாள் என்று நான் சொன்னது பொய்தான் ஐயா. ரெண்டு நாளாய் ஒரு கவளம் இறங்கவில்லை. அதற்கு முன்னால் ஓர் ஆண்டாய் நான் இடித்துக் கூழாக்கித்தான் ஊட்டுகிறேன். உண்ணவில்லை என்று ஒருநாள் வாயில்படியில் நின்று சொல்லியிருந்தால், அன்றைக்கே அவளை உப்பளத்துக்கு ஓட்டிப் போயிருப்பார்கள். என்னை வேறு யானைக்கு மாற்றியிருப்பார்கள். அங்கே யார் கையால் வாங்குவாள்?”

அவ்வளவுதான் பொய். அதற்குள் நஞ்சும் இல்லை, பகையும் இல்லை. யானைக்குக் கடைசிப் பல் தேய்ந்தால் பிறகு பல் முளையாது. மெல்ல முடியாமல் விழுங்கிய தழை வயிற்றில் கட்டிக்கொள்ளும், உப்பும், நுரை தள்ளும். ஓர் ஆண்டாக மூங்கில் இலையை உரலில் இடித்திருக்கிறான். தினையையும் வெல்லத்தையும் கஞ்சியாய்க் கரைத்திருக்கிறான். கரும்பைப் பிழிய ஆலைக்குப் போனால் ஏன் எதற்கு என்று கேட்பார்களே என்று, கட்டுக்கட்டாய்த் தன் பல்லாலேயே மென்று சாற்றைக் குவளையில் சேர்த்திருக்கிறான். அவன் கடைவாய்ப்பல் இரண்டு போய்விட்டது. அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தானாம்.

உப்பளத்துக் கொட்டில் விதி யார் போட்டது என்று கேட்பீர். வேலைக்கு ஆகாத அரண்மனை விலங்கை அன்றே ஊருக்கு வெளியே கொண்டுபோவது, பாகனை அன்றே வேறு விலங்குக்கு மாற்றுவது என்று எழுதிய ஓலையில் நம் முத்திரை இருக்கிறது. எட்டாண்டுக்கு முன் வேறு நாற்பது ஓலைகளோடு ஒருநாள் வந்தது, படிக்காமல் இட்டோம். அவன் பொய்க்குரல் கேட்ட மாலையில் நாம் வயிறார உண்டோம். அந்த ஒரு வேளைச் சோறு நம் நெஞ்சில் இன்னும் இறங்கவில்லை, தம்பி.

அன்று பொழுது சாய்வதற்குள் பெருநம்பி நேரே நம் அவைக்கு வந்தார். மேலாடையெல்லாம் சாணம். ஒரு கையில் அரிசிக்கிண்ணம். அவையோர் முகம் சுளித்ததை அவர் பார்க்கவேயில்லை. நடந்ததை முதலிலிருந்து சொன்னார். சொல்லி முடித்து, நாமெல்லோரும் பார்த்திருக்க, கிண்ணத்திலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளித் தம் வாயிலேயே போட்டு மென்றார். நூறு எண்ணினார். துப்பினார். மாவாய் உதிர்ந்தது; ஈரமே இல்லை.

“பொய்யைக் கண்டுபிடித்தேன் தாயே. அது எதற்காகச் சொல்லப்பட்டது என்று கேட்கவில்லை. இந்த அரிசியைக் கேட்டால் நானும் கள்ளன்தான்; ஒரு மனிதனின் கையை வெட்ட இருந்தேனே என்று அஞ்சுகிறேன், அதனால் என் நாக்கு வறண்டிருக்கிறது” என்றார்.

இருபத்து நான்கு ஆண்டில் உலர்ந்த அரிசியால் தாம் தண்டித்த அத்தனை பேர் ஊரும் பேரும் தமக்கு நினைவிருப்பதாகவும், ஒவ்வொருவர் வாசலுக்கும் போய் இம்முறை வாயை மூடிக்கொண்டு கேட்டு வர ஓராண்டு விடுப்பு வேண்டுமென்றும் வேண்டினார். கொடுத்தோம். தவறாகப் போனவை எவையோ அவற்றை நாமே சரிசெய்வோம் என்றும் வாக்களித்தோம். பதவியை விடுகிறேன் என்றதற்கு மட்டும் ஒப்பவில்லை. தம் தவற்றைத் தாமே கண்டு அவையில் வந்து துப்பிக் காட்டும் வினவுநாயகத்தை நாடு நாடாய்த் தேடினாலும் நமக்குக் கிடைக்கமாட்டார்.

பிறகு நாமே கொட்டிலுக்குப் போனோம். நீர் ஆண்டுதோறும் அனுப்பும் மலைத்தேன் ஒரு குடம் மீதியிருந்தது. அதை வெந்நீரில் கரைத்து எடுத்துப் போனோம். மருத்துவர் அதற்குள் நஞ்சை மறந்து வயிற்றைத் தேய்த்துக் கட்டியிருந்த தழையை இளக்கியிருந்தார். காடன் நம்மைக் கண்டு எழப் பார்த்தான். எழ முடியவில்லை, நீர் இல்லாத உடம்பு. இருடா என்றோம். முப்பத்தோராண்டுக்கு முன் மலைப்பாதையில் அவனை அப்படித்தான் கூப்பிட்டோம். அரசியான பிறகு அன்றுதான் வாயில் வந்தது. தேன்நீரை அல்லியின் வாயருகே கொண்டுபோனோம். அந்த வாசனைக்குக் கண்ணைத் திறந்தாள். துதிக்கை நுனி குடத்தின் விளிம்பைத் தடவிற்று, நம் மணிக்கட்டைத் தடவிற்று, வெகுநேரம் யோசித்தது. ஒரு வாய் இழுத்தாள். விழுங்கும் ஓசை கேட்டது. இன்னொரு வாய் இழுத்தாள்.

காடனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பெருநம்பி பக்கத்தில் உட்கார்ந்து செம்பைப் பிடித்துக்கொள்ள, அவன் குடித்தான். வழிந்தது பாதி, உள்ளே போனது பாதி. பெருநம்பி மறுபடி நிரப்பினார், மறுபடி நிரப்பினார். அன்று மாலை அரண்மனை வாயிலில் யாரும் குரல் கொடுக்கவில்லை. நாம் கொட்டிலிலேயே உட்கார்ந்து அவள் மிச்சம் வைத்த தேன்நீரில் ஒரு குவளை வாங்கிக் குடித்தோம்.

இனி ஆணை. இது ஆழிநாட்டில் அன்றே கல்லில் வெட்டப்பட்டது. வரையகத்துக்கு ஆணையிட நமக்கு உரிமையில்லை என்று உம் அமைச்சர்கள் சொல்வார்கள். அக்கைக்கு உரிமை உண்டு என்று அவர்களிடம் சொல்லும். ஐயத்துக்குரியவர் வாயில் அரிசி இடுவது இன்றோடு ஒழிந்தது. வினவ உட்காருகிறவர் எதிரில் இருப்பவருக்கு முதலில் நீர் கொடுத்து, அவர் குடிக்கும்வரை காத்திருந்து, குடிக்கவில்லையானால் ஏன் என்று கேட்டறிந்து, அதன்பிறகே வழக்கைத் தொடங்கக் கடவர். நடந்ததை அவர் தம் போக்கில் சொல்ல விட்டுக் கேட்கக் கடவர். தொண்டைக்குழியையும் பெருவிரலையும் பார்ப்பதைத் தடுக்கவில்லை. ஆனால் அவற்றை மட்டும் நம்பி ஒருவர் உடம்பையும் தொடலாகாது. உப்பளத்துக் கொட்டிலை இடித்தாயிற்று. முதிர்ந்த விலங்கோடு அதன் பாகனும் கடைசிவரை இருக்கலாம், அதுவே அவன் வேலை. “உண்டாள்” என்ற குரலுக்குக் காத்திருக்கும் வழக்கம் தொடரும். “உண்ணவில்லை” என்று சொல்ல நேர்ந்தால் அன்று நாமும் பசித்திருந்து காரணம் கேட்போம். யாரையும் எங்கும் ஓட்டமாட்டோம்.

அல்லி எழுந்து நிற்கிறாள். கூழாய் ஊட்டினால் இன்னும் ஒரு மழைக்காலமோ, தெய்வம் இரங்கினால் இரண்டோ இருப்பாள் என்கிறார் மருத்துவர். இருக்கிற நாளை எங்கே கழிக்க வேண்டும் என்று அவளைக் கேட்க வழியில்லை, காடனைக் கேட்டோம். அவள் பிறந்த அருவியின் ஓசை அவள் காதில் விழட்டும் என்றான். ஆகவே, வேளே, நீர் கேட்ட குற்றவாளி வருகிறான். கட்டி அனுப்பச் சொன்னீர். ஒரு கை அவள் காதைப் பிடித்திருக்கும், இன்னொரு கையில் கஞ்சிக்குடம் இருக்கும், கட்டுவதற்குக் கை மீதியில்லை. அவள் நடைக்குத்தான் நடப்பான். நிறைமதி தவறிப்போனால் சினம் கொள்ள வேண்டாம். எல்லைக்கல்லில் வாளோடு நிற்கும் ஆட்களை அனுப்பிவிட்டு, நீரே ஒரு குடம் சுனைநீரோடு வந்து நில்லும்.

சங்க இலச்சினை இட்டு, நம் கைவிரல் மோதிரமும் அதன்கீழ் அழுத்தி விடுத்தோம். எழுதினவர் ஓலைநாயகம் செய்யமாறனார். இரண்டு இடத்தில் ஓலை ஈரமாயிருப்பது அவர் பிழையன்று. வான் வழங்குக, வழக்கு நேராகுக, கேட்கும் செவிகள் பொறுமை பெறுக. இதன்கீழ் உள்ளது முத்திரைக்குப் பிறகு நம் கையாலேயே எழுதியது, அவையில் வாசிக்க வேண்டாம்:

திண்ணா, அவன் வந்ததும் ஒன்றும் கேட்காதே. முதலில் அல்லிக்கு நீர் காட்டு. அவள் குடித்த பிறகு அவனுக்குக் கொடு. அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்.